மாப்பிள்ளையின் அட்டை

விடுதிக்குப் படுக்கை விரிப்பு எடுக்கப் போன என் வீட்டுக்காரர், விரிப்போடு ஒரு ஆளையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்களுடையது சலவைக் கடை. பிழைக்க இந்த நாட்டுக்கு வந்த கட்டட வேலைக்காரர்கள் தங்கும் விடுதியின் அழுக்குத் துணி வாரா வாரம் எங்களிடம்தான் வரும். மூட்டையை இறக்கலாம் என்று கதவைத் திறந்தால், மூட்டைகளுக்கு நடுவில் நெட்டையாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். இடது காலில் முழங்கால் வரைக்கும் கட்டு. மடியில் இரண்டு ஊன்றுகோல்.

"யாருங்க இது?" என்றேன்.

"கேட்டுக்கு வெளியே நின்னுட்டு இருந்தான். உள்ள விட மாட்டேங்கிறாங்க. மழை வேற," என்றார். என் வீட்டுக்காரர் ஒரு நாளில் பேசுவதே அவ்வளவுதான். மீதியை நான் பேசிக்கொள்வேன்.

ஆளை எனக்கு முன்பே தெரியும். சாரம் கட்டுகிறவன். பேன்ட் ஜிப் போனால் எங்கள் கடைக்குத்தான் எடுத்து வருவான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, இருக்கீங்களா?" என்று குனிந்து எட்டிப் பார்ப்பான். எந்த வாசலிலும் தலை இடிக்கிற உயரம் அவனுக்கு. அன்றைக்கு என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. "ஒரு ராத்திரி மட்டும்க்கா," என்றான்.

ஒரு ராத்திரி கதை யாருக்குத் தெரியாது? துவைத்த துணி அடுக்கும் பின்னறையில் ஒரு கட்டிலைப் போட்டேன். மழைக்காலம் முடிந்து வெயில் காலம் வந்த பிறகும் அவன் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தான்.

நடந்தது இதுதான். சாரத்தில் இருந்து விழுந்து கால் எலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்திருக்கிறார்கள். இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் கால் நேராகும், இல்லையென்றால் ஆயுசுக்கும் நொண்டல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியோ, இவன் சாரத்தில் இருந்து விழவே இல்லை, ஓய்வு நாளில் விடுதி மாடிப்படியில் வழுக்கி விழுந்தான், அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கையைக் கழுவிவிட்டது. வேலை அனுமதியை ரத்து செய்து, கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் அவர்கள் கையில். யாரோ புண்ணியவான் வழி சொல்லி, இவன் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தான்.

புகார் முடிகிற வரைக்கும் இந்த நாட்டில் இருக்கலாம் என்று ஒரு தற்காலிகச் சீட்டு கொடுத்தார்கள். இருக்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது. ஊருக்குப் போகலாம், ஆனால் போனால் புகார் முடிந்தது, ஆபரேஷனும் முடிந்தது. ஒரு மனுஷனை இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நிறுத்தி வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

வேலை செய்யக் கூடாது என்றால் அப்படி இப்படி இல்லை. என் கடையில் ஒரு துண்டை மடித்து வைத்தால்கூட அது வேலை. அதிகாரிகள் யாராவது எட்டிப் பார்த்தால் அவன் புகாரும் போகும், என் கடை உரிமமும் போகும். அதனால் அவனை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, காலைத் துணி மூட்டை மேல் நீட்டச் சொல்லி, "கையை மடியில வை தம்பி" என்று சொல்லிவிட்டேன். கை சும்மா இருக்குமா? நான் திரும்பி நின்று இஸ்திரிப் பெட்டி போடும்போது சத்தமே இல்லாமல் நாலு துண்டு மடித்துவிடுவான். நான் பார்த்துவிட்டால் அதை உதறிக் கூடையில் போட்டு, முதலில் இருந்து நானே மடிப்பேன். அவன் மடித்தது என்னுடையதைவிட ஓரம் சேர்ந்து அழகாக இருக்கும். அது வேறு எரிச்சல்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் இவள் சூடாகிவிடுவாள் என்பார் வீட்டுக்காரர். கம்பெனிக்காரன் மேல் எனக்கு வந்த கோபம் அப்படி வந்து அப்படிப் போகிற கோபம் இல்லை. வாரா வாரம் அந்தக் கம்பெனி சட்டைகளைத் துவைக்கிறவள் நான். அதில் எத்தனை வியர்வை, எத்தனை சிமெண்ட் என்று எனக்குத் தெரியும். இந்தப் பையன் நேரான காலோடுதான் ஊருக்குப் போவான் என்று மனசில் முடிவு கட்டிக்கொண்டேன்.

முதல் விசாரணைக்கு அவனோடு நானும் போனேன். நீள மேசை. ஒரு பக்கம் கம்பெனி மேனேஜர், எதிர்ப்பக்கம் நாங்கள். நடுவில் கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா, பக்கத்தில் நம் பேச்சை அவருக்கு மாற்றிச் சொல்ல ஒரு பெரியவர். மேனேஜர் போட்டிருந்தது விலை கூடிய சட்டைதான், ஆனால் காலர் மடிப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சட்டையை ஒழுங்காகப் பெட்டி போடத் தெரியாதவனிடம் நமக்கென்ன பயம் என்று தைரியமாக உட்கார்ந்தேன்.

மேனேஜர் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு இவனுக்கு ஓய்வு நாள். வேலையிடத்து வாசலில் அடையாள அட்டையை மெஷினில் தொட்டால்தான் கதவு திறக்கும். இவன் அட்டை அன்றைக்கு வாசலைத் தொடவே இல்லை. உள்ளேயே வராத ஆள் சாரத்தில் இருந்து எப்படி விழுவான் என்று கேட்டான்.

"அதெல்லாம் நீங்க மாத்தி எழுதியிருப்பீங்க," என்று நான் எழுந்துவிட்டேன். அதிகாரி அம்மா என்னைப் பார்த்து உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். நான் இவனைப் பார்த்தேன். இல்லை, நான் வந்தேன், விழுந்தேன் என்று ஒரு வார்த்தை அவன் சொல்ல வேண்டாமா? வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அடுத்த தடவை சாட்சியோடு வாருங்கள், இல்லையென்றால் புகாரை மூட வேண்டியிருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள்.

வேனில் வரும் வழியெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். கடைக்கு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினேன். வீட்டுக்காரர் நிலைமை புரிந்து டீ வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

"தம்பி, என்னைப் பைத்தியக்காரி ஆக்காத. நீ விழுந்தது எங்க?"

"சாரத்துலதான்க்கா."

"அப்ப அட்டை ஏன் தொடலை?"

ஊன்றுகோலின் ரப்பரைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். "அட்டை தொட்டுச்சுக்கா. என்னோடது இல்ல. மாப்பிள்ளையோடது."

மாப்பிள்ளை என்றால் அவன் தங்கை புருஷன். அதே கம்பெனி, அதே சாரம். அன்றைக்கு அவருக்குக் கொதிக்கிற காய்ச்சல். ஏற்கெனவே உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டவர். இனி ஒரு தடவை படுத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் மிரட்டி வைத்திருந்தான். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தனுக்கு முடியாவிட்டால், ஓய்வு நாளில் இருக்கிற சொந்தக்காரன் அவன் அட்டையை மாட்டிக்கொண்டு, அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய் நிற்பான். 'ஆள் நிற்பது' என்று அதற்குப் பேர். வாசலில் இருப்பவனுக்கு அட்டை தெரியும், ஹெல்மெட் தெரியும், அதற்குக் கீழே இருக்கிற முகம் தெரியாது. நெட்டையும் குட்டையும்கூட அவனுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

விழுந்ததும் சூப்பர்வைசர் ஓடி வந்து முகத்தைப் பார்த்திருக்கிறான். அட்டையைப் பார்த்திருக்கிறான். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே இவன் கழுத்தில் இருந்து அட்டையைக் கழற்றி, விடுதியில் படுத்துக் கிடந்த மாப்பிள்ளை கையில் கொடுத்து, "இன்னைக்கு நீ வேலையில இருந்த. புரியுதா? வாயைத் திறந்தா ரெண்டு பேரும் ஊருக்கு" என்று சொல்லிவிட்டான்.

வாரா வாரம் எங்கள் ஷட்டரில் யாரோ ஒரு பை பழத்தை மாட்டிவிட்டுப் போவது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைக்குள் வந்து இவன் முகத்தைப் பார்க்க மாப்பிள்ளைக்குத் தெம்பு இல்லை.

"இதை அங்கயே சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா மாப்பிள்ளை வேலை போயிடும்க்கா. தங்கச்சி கழுத்துல தாலி கட்டினவரை நானே மாட்டி விடவா?"

"உன் கால்?"

"கால் என்னோடதுதானே."

அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கக்கூட அவனிடம் நல்ல இடம் இல்லை. மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்று தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னான். செய்து கொடுத்தேன். மாப்பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அவன் தங்கை வாரம் ஒருமுறை வீடியோவில் கூப்பிடுவாள். அன்றைக்குக் காலையில் இருந்தே இவன் தயாராவான். என்னிடம் பெட்டி போட்ட சட்டை வாங்கிப் போட்டு, தலை வாரி, வெள்ளைச் சுவர் ஓரமாகக் கட்டிலை நகர்த்தி, மார்புக்குக் கீழே தனக்கு உடம்பே இல்லை என்பது போல போனைப் பிடித்துப் பேசுவான். ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அதனால்தான் வெயில் படாமல் வெளுத்துவிட்டான் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்கள் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருப்பது அபூர்வம். அது இதற்குத்தானா வர வேண்டும்?

அந்த வாரம் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கூப்பிட்டாள். இவன் குளியலறையில் இருந்தான். போன் கட்டிலில் கிடந்து அடித்தது. எடுத்தேன். இவன் ஜாடையில், ஆனால் கண்ணில் சுறுசுறுப்போடு ஒரு பெண்.

"அண்ணன் இல்லைங்களா?"

"குளிக்குதும்மா. நான் அது தங்கியிருக்கிற வீட்டு அக்கா."

"இவ்வளவு நேரமாவா? எங்கண்ணன் தலையில தண்ணி ஊத்தினதும் தெரியாது, வந்ததும் தெரியாது."

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். "ஒத்தைக் கால்ல நின்னு குளிச்சா நேரமாகும்மா."

அவள் முகம் அப்படியே நின்றது. அதற்குள் இவன், காலில் பிளாஸ்டிக் பை கட்டியபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தி வந்தான். என் கையில் போனைப் பார்த்ததும் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் போனைத் திருப்பி அந்தக் காலைக் காட்டினேன். சாரம், அட்டை, ஆபரேஷன், அலுவலகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் அழவில்லை. நான் சொன்னதில் அவள் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "அவருக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அக்கா, அன்னைக்கு அண்ணனுக்குப் போன் பண்ணினதே நான்தான். அவரால எந்திரிக்க முடியல, நீ போய் அவருக்கு ஆள் நில்லுண்ணான்னு நான்தான் சொன்னேன்."

எதிராளிக்குப் பதில் சொல்ல இடம் கொடுக்காத வாய் என்னுடையது. அன்றைக்குப் போனை இவன் பக்கம் நீட்டிவிட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா," என்றான் இவன் அவசரமாக. "நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் கிளம்பிட்டேன். சும்மா படுத்திருக்க எனக்கும் போரடிச்சுது..."

"பொய் சொல்லாதண்ணா," என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

இவன் கட்டிலில் உட்கார்ந்தான். தலையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் துண்டை நீட்டினேன், வாங்கவில்லை. "மாப்பிள்ளைக்காக மட்டும்னு நினைச்சீங்களாக்கா? இது அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன்," என்றான். "இனிமே என் காலைப் பார்க்கிறப்ப எல்லாம் அவ அழுவா."

நான் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. ஆனாலும் அவன் தலையை நானே துவட்டிவிட்டேன். அவனும் விட்டுவிட்டான், ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த விசாரணைக்கு, சாட்சி இல்லாமல்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். புகாரை மூடுவார்கள், அதற்கு மேல் யார் காலில் விழலாம் என்று நான் மனசுக்குள் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அலுவலக வாசலில் குட்டையாக, கன்னம் ஒட்டிப்போய், கம்பெனிச் சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். இவனைப் பார்த்ததும் ஓடி வந்து ஊன்றுகோலைப் பிடித்தார்.

"மச்சான், மன்னிச்சுடுங்க."

"நீங்க ஏன் மாப்ள வந்தீங்க? வேலைக்குப் போங்க," என்றான் இவன். "யார் சொன்னது உங்களை வரச் சொல்லி?"

"உங்க தங்கச்சிதான். வேற யாரு சொல்லுவா?" என்றார் அவர். அவளுக்குச் சொன்னது யார் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் முந்திக்கொண்டு வாயைக் கொடுக்கவில்லை.

நாங்கள் மேசை முன் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை கை கட்டி நின்றபடியே சொன்னார். அன்றைக்கு அட்டைதான் என்னுடையது, ஆள் நான் இல்லை, நான் காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன், என் இடத்தில் ஏறி விழுந்தது இவர். பெரியவர் மாற்றிச் சொல்லச் சொல்ல மேனேஜர் முகம் தொங்கிக்கொண்டே வந்தது. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

அதிகாரி அம்மா பேனாவை வைத்துவிட்டு நீளமாகப் பேசினார். பெரியவர் அதை எங்களுக்குச் சொன்னார். "அட்டை மாத்தினது ரெண்டு பேர் மேலயும் தப்பு. ஆனா விழுந்தது கம்பெனி சாரத்துல இருந்துன்னா, காலுக்குக் கம்பெனிதான் பொறுப்பு. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். அட்டையைக் கொடுத்தவருக்கு வேலை அனுமதி ரத்து, ஊருக்கு அனுப்பிடுவாங்க. இது தெரிஞ்சுதான் சொல்றீங்களான்னு அம்மா கேக்கறாங்க."

"தெரியும். பெட்டியைக் கட்டி வச்சுட்டுத்தான் வந்தேன்," என்றார் மாப்பிள்ளை.

அதிகாரி அம்மா இவன் பக்கம் திரும்பினார். இவர் சொல்வது உண்மையா, நீங்கள்தான் ஏறினீர்களா?

இவன் எழுந்து நின்றான். ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லைங்க. மாப்பிள்ளை பாசத்துல பொய் சொல்றாரு. வேலைக்குப் போனது அவர்தான். நான் மாடிப்படியிலதான் விழுந்தேன்," என்றான்.

பெரியவர் இவனை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அதை மாற்றிச் சொன்னார். மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து காலரைச் சரி செய்தான். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "அடப் பாவி, கூறு கெட்டவனே" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று அதிகாரி அம்மா கையைக் காட்டினார். நாற்காலியை நானே தூக்கி வைத்து உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை மட்டும் பதறவில்லை. இவனை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து, பெரியவரிடம், "என் வீட்டுக்காரி லைன்லதான் இருக்காங்க. இவர் கூடப் பிறந்த தங்கச்சி. ஒரே ஒரு கேள்வி கேக்கணும்கிறாங்க. அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க," என்றார்.

அதிகாரி அம்மா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கிருந்து வந்து வாய்க்கிறார்கள் இவர்கள் என்று அவர் நினைத்திருந்தால் குற்றமில்லை. சரி என்று தலையை ஆட்டினார். மாப்பிள்ளை போனை மேசை நடுவில் வைத்தார்.

"அண்ணா," என்றது போன்.

இவன் ஊன்றுகோலை ஒரு அங்குலம் பின்னால் நகர்த்தினான்.

"அண்ணா, அன்னைக்கு நான் கேட்டேன். போய் அவருக்கு ஆள் நில்லுன்னேன். நீ போனியா, போகலையா?"

மேசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாரத்தின் உச்சியில் ஒற்றைக் குழாய் மேல் நடக்கிறவனுக்கு அந்தத் தரையில் நிற்க முடியவில்லை. "அது வந்தும்மா..." என்று போனிடம் ஏதோ இழுத்தான்.

"சின்ன வயசுல இருந்து நான் கேட்டு நீ செய்யாம விட்டது ஒண்ணு சொல்லு. இதை மட்டும் செய்யலைன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்லப் போறியா?"

அவனுக்குக் கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் ஊன்றுகோலில் இருந்தது.

"போனேன்ம்மா," என்றான். "நீ கேட்டே, போனேன்."

பெரியவர் அதை அதிகாரி அம்மாவுக்குச் சொன்னார். அவர் எழுத ஆரம்பித்தார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை வேலை போயிடும்மா," என்றான் இவன் போனைப் பார்த்து.

"போகட்டும். அவரை நான் பாத்துக்கறேன்," என்றாள் அவள். "நீ உட்காருண்ணா. கால் வலிக்கும்."